வாயில் இன்னும் கவளம்

பதினான்கு வரி.
ஒன்பதை நீக்கி ஐந்தைச் சேர்த்திருக்கிறான் பிரானிமிர்.
தலைப்பு: சிறு திருத்தம்.
சிறு திருத்தம் என்று வருவதைத்தான்
நான் இரண்டு முறை படிப்பேன்.

கயானியில் ஏப்ரல்.
ஆற்றில் பனிப்பாளம் உடையும் சத்தம் சமையலறை வரை வருகிறது.
மேசையில் பாதி தின்ற கறுப்பு ரொட்டி,
உறை கழற்றிய ஒரு பழைய பலகை,
ரயில் பணிமனையிலிருந்து ஔலிஸ்
யாரையும் கேட்காமல் எடுத்துவந்து தந்த அலைக்காட்டி.

சீரியல் போர்ட் என்றால் சிரிக்கிறார்கள்,
இன்னுமா அது இருக்கிறது என்று.
இருக்கிறது. லிப்டில், தூக்குப்பாலத்தில்,
பால் கறக்கும் இயந்திரத்தின் வயிற்றில்.
ஒரே கம்பி. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது.
பேசியவர் கம்பியை விட்டால்தான் பதில் வரும்.
எப்போது விடுவது?
இந்த டிரைவரில் அதைத் தவிர வேறு கதை இல்லை.

பழைய நிரல் இரண்டு கேள்வி கேட்டது.
தட்டு காலியா?
வாயும் காலியா?
இரண்டாவதை வெட்டிவிட்டான்.
"தேவையற்ற காத்திருப்பு. செய்திக்கு
எண்பத்தேழு மைக்ரோநொடி மிச்சம்.
நான்கு குதிர்களில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்."

ஓசியெக் நகரத்துக்கு வெளியே மக்காச்சோளக் குதிர்களாம்.
தானியம் உள்ளுக்குள் சூடேறுகிறதா என்று
நீளக் கேபிளின் மறுமுனையிலிருந்து உணரிகள் சொல்லுமாம்.

"யோசித்துத்தான் செய்தாயா?" என்று எழுதினேன். அழித்தேன்.
"இது தவறு." அதையும் அழித்தேன்.
எனக்கே நிச்சயமில்லை.
வியாழன் மாலை சவுனாவில் என் முறை; மறந்துபோனேன்.
பக்கத்து வீட்டு ஓர்வொக்கி சுவரைத் தட்டி
"அடுப்பு வீணாக எரிகிறது" என்றாள்.

ஆயிரம் செய்தி அனுப்பினேன்.
ஆயிரமும் முழுசாகப் போய்ச் சேர்ந்தன.
இன்னொரு ஆயிரம். அதுவும் அப்படியே.
பையன் சொன்னது சரிதானோ?

அப்புறம்தான் உறைத்தது, என் பலகை கிழம்.
தட்டு காலி என்று மணி அடித்தாலும்
எழுந்து வருவதற்குள் வாயில் இருந்தது இறங்கிவிடுகிறது.
சோம்பல் பிழையை மூடிக்கொண்டிருக்கிறது.

புது மடிக்கணினியில் செருகினேன்.
முதல் செய்தியே போய்ச் சேரவில்லை.
திரையில் பச்சைக் கோடு
கடைசி பைட்டின் நடுவில்,
கதவிடுக்கில் மாட்டிய முந்தானைபோல்,
அறுந்து நின்றது.

படத்தை இணைத்து மூன்றே வரி எழுதினேன்.
"தட்டு காலி. வாயில் இன்னும் கவளம்.
வேகமான கணினியில் சோதித்தாயா?
காத்திரு, ஆனால் எல்லையோடு காத்திரு;
விழுங்காதவன் முன்னால் கெர்னல் விடிய விடிய நிற்க முடியாது."

ஆறு நாள் பதில் இல்லை.
கோபம் என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் வந்தது.
ஐந்தாவது குதிர் ஒன்று உண்டாம்.
இலையுதிர்காலத்தில் அதற்கு மட்டும் புதுக் கணினி வாங்கினார்களாம்,
இந்தத் திருத்தம் ஏற்கெனவே அதில் ஏறியிருந்ததாம்.
அன்றிலிருந்து அந்த உணரி வாய் திறக்கவில்லை.
செத்துவிட்டது என்று இரண்டு முறை மாற்றினார்கள்.
இரண்டு முறையும் ஸ்த்யெபான் என்பவர்
முப்பது மீட்டர் ஏணி ஏறினார், இரண்டாம் முறை மழையில்.
"நான்கு என்று எழுதும்போது
ஐந்தாவதை எண்ணாமல் விட்டது எனக்குத் தெரியும்.
உணரிதான் கெட்டது என்று உண்மையாகவே நம்பினேன்."

இதற்கு என்ன பதில் எழுதுவது?
நன்றி என்றேன்.
ஸ்த்யெபானிடம் சொன்னாயா என்று கேட்க நினைத்தேன்,
அது டிரைவரைச் சேர்ந்த கேள்வி இல்லை.

மூன்றாம் பதிப்பு இன்று வந்தது. ஆறு வரி.
இரண்டு கேள்விகளும் இருக்கின்றன,
இரண்டாவதற்கு ஒரு காலக்கெடுவோடு.
'சிறு' என்ற சொல்லைக் காணவில்லை.
நான்காம் வரி முடிவில் வேண்டாத ஒரு வெற்றிடம்.
அதை நானே துடைத்தேன், அவனிடம் சொல்லவில்லை.
கீழே என் பெயரைப் போட்டேன்.

ஔலிஸுக்கு அலைக்காட்டியைத் திருப்பித் தர வேண்டும்.
பணிமனையில் இன்னும் யாரும் தேடவில்லையாம்.